டெட்ராய்ட் பென்ஷன் வெட்டு: அந்த 4.5 சதவீதத்துக்குள் என்னென்ன இருக்கிறது?

கல்யாணி, மிச்சிகன்

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பெரியம்மா இருக்கிறார். வயது எண்பதை நெருங்குகிறது. டெட்ராய்ட் மாநகராட்சியின் தண்ணீர்த் துறையில் கிளார்க்காக 28 வருடம் வேலை பார்த்தவர். கணவர் தவறிய பிறகு மகளோடு இங்கே ஓக்லண்ட் கவுண்டிக்கு வந்துவிட்டார். போன ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அடுப்படி மேசையில் பென்ஷன் சீட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடியின் ஒரு காது உடைந்திருந்தது. "நீயே படித்துச் சொல்லம்மா" என்றார். மேலே பென்ஷன் தொகை. அதன் கீழே 4.5 சதவீதப் பிடித்தம். அதற்கும் கீழே 'ஆன்யுவிட்டி' என்று இன்னொரு பிடித்தம். அந்தக் கடைசி வரியின் மேல் கட்டைவிரலை வைத்து மூடிக்கொண்டு, "இது என் சொந்தச் சேமிப்பு, தெரியுமா?" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து ராத்திரி முழுக்கப் பழைய செய்திகளைத் தேடிப் படித்தேன். 2013 ஜூலை 18 அன்று டெட்ராய்ட் திவால் மனு போட்டது. கடன் சுமார் 18 பில்லியன் டாலர். அமெரிக்காவில் அவ்வளவு பெரிய நகரத் திவால் அதற்கு முன் நடந்ததில்லை. ஆளுநர் ரிக் ஸ்னைடர் நியமித்த அவசரநிலை மேலாளர் கெவின் ஓர் என்பவர் கையில் நகரம் இருந்தது. 2014 நவம்பர் 7 அன்று திவால் நீதிமன்ற நீதிபதி ஸ்டீவன் ரோட்ஸ் கடன் சீரமைப்புத் திட்டத்தை ஏற்றார், டிசம்பர் 10 அன்று நகரம் திவாலிலிருந்து வெளியே வந்தது. பெரும்பாலான கட்டுரைகள் முடிகிற இடம் ஒன்றுதான்: சாதாரண ஊழியருக்கு 4.5 சதவீதம் மட்டுமே வெட்டு, போலீஸ், தீயணைப்புக்காரர்களுக்கு அடிப்படைப் பென்ஷனில் வெட்டே இல்லை, ஆகவே எல்லோரும் தப்பித்தார்கள்.

அந்தச் சீட்டைப் பார்த்த எனக்கு இது ஒத்துவரவில்லை. கணக்குத் தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

நெல்லை மாணிக்கம்

நான் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். எனக்கு முதலில் புரியாதது சட்டம். இங்கே 1982 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் நகாரா வழக்கில், பென்ஷன் என்பது அரசு மனமிரங்கிப் போடும் பிச்சை இல்லை, செய்த வேலைக்குரிய உரிமை என்று சொல்லிவிட்டது. அந்த நாளைத்தான் ஓய்வூதியர் நாளாக வருடாவருடம் கொண்டாடுகிறோம். அமெரிக்கா போன்ற நாட்டில் ஒரு நீதிபதி எப்படிக் கை வைத்தார்?

ட்ராய் சுந்தர்

ஐயா, மிச்சிகன் மாநில அரசியலமைப்பிலும் பாதுகாப்பு இருக்கிறது. 1963ல் எழுதியது, 9ஆம் பிரிவு, 24ஆம் உட்பிரிவு. சேர்ந்துவிட்ட பென்ஷன் பலன் ஒரு ஒப்பந்தக் கடமை, அதைக் குறைக்கவோ கெடுக்கவோ கூடாது என்று தெளிவாகவே சொல்கிறது. ஆனால் திவால் சட்டம் மத்திய அரசுடையது. மத்தியச் சட்டமும் மாநிலச் சட்டமும் மோதினால் மத்தியச் சட்டம்தான் நிற்கும். திவால் என்பதே ஒப்பந்தங்களைக் குறைப்பதற்கான வழி. பென்ஷனும் ஒப்பந்தம் என்றால் அதையும் குறைக்கலாம் என்று 2013 டிசம்பர் 3 அன்று ரோட்ஸ் தீர்ப்புச் சொன்னார்.

நெல்லை மாணிக்கம்

அப்படியென்றால் காப்பாற்றுவதற்காக எழுதி வைத்த 'ஒப்பந்தம்' என்ற சொல்லே கதவைத் திறந்துவிட்டிருக்கிறது. படித்ததும் நெஞ்சு கனத்துவிட்டது தம்பி.

ட்ராய் சுந்தர்

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். கல்யாணி அக்கா கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நான் 2008லிருந்து இங்கே கார் தொழிலில் இருக்கிறேன். அப்போது இரவு ஷிப்ட் முடிந்து கிராஷியட் அவென்யூ வழியாக வருவேன். தெரு விளக்குக் கம்பம் இருக்கும், விளக்கு எரியாது. நாலைந்து சந்து தொடர்ந்து கும்மிருட்டு. பஸ் ஸ்டாப்பில் நிற்கிற ஆள் என் கார் வெளிச்சம் பட்டால்தான் தெரிவார். நகரத்தின் விளக்குகளில் 40 சதவீதம் அந்தக் காலத்தில் எரியவில்லை. ஆள் இல்லாமல் பாழடைந்து நின்ற கட்டடங்கள் 78,000 என்று திவால் மனுவிலேயே இருக்கிறது. 1950ல் பதினெட்டரை லட்சம் பேர் இருந்த ஊர், 2013ல் ஏழு லட்சம். வேலையில் இருக்கிற ஊழியரைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் ஓய்வு பெற்றவர்கள்.

பென்ஷனை முழுதாகக் கொடுத்திருந்தால் அந்தப் பணம் எங்கிருந்து வந்திருக்கும்? அந்த இருட்டில் பஸ்ஸுக்கு நின்ற ஆளிடமிருந்துதான். அவருக்குப் பென்ஷனே கிடையாது. திவாலுக்குப் பிறகு 2016 முடிவதற்குள் 65,000 புது எல்இடி விளக்குகள் போட்டார்கள். இப்போது அதே சாலையில் போனால் வேறு ஊர் மாதிரி இருக்கிறது. அதோடு 2014 ஓட்டெடுப்பில் சாதாரண ஓய்வூதியர்களில் ஓட்டுப் போட்டவர்களில் 73 சதவீதம் பேரும், போலீஸ், தீயணைப்புப் பிரிவில் 82 சதவீதம் பேரும் திட்டத்துக்குச் 'சரி' சொன்னார்கள். யாரும் தலையில் கட்டவில்லை.

பத்மா, கணக்கர்

கல்யாணி கேட்டதற்கு வருகிறேன். காப்பீட்டுத் துறையில் பென்ஷன் நிதிக் கணக்குதான் எனக்கு வேலை. இந்த டெட்ராய்ட் கணக்கைப் பல வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சாதாரண ஊழியரின் சராசரிப் பென்ஷன் வருடத்துக்குச் சுமார் 19,000 டாலர். பெரிய தொகை வாங்கிக்கொண்டு சொகுசாக உட்கார்ந்திருந்தார்கள் என்று நினைப்பவர்கள் இந்த எண்ணை முதலில் பார்க்க வேண்டும். மாதம் 1,600 டாலர் என்று வைத்துக்கொள்வோம்.

4.5 சதவீதம் என்றால் 72 டாலர். மீதி 1,528. இதுவரைக்கும் செய்தித்தாளில் வந்த கணக்கு.

அடுத்தது விலைவாசிப்படி. நம் ஊர் அகவிலைப்படி மாதிரி விலைவாசிக்குத் தக்கபடி ஏறுவதில்லை, ஆனால் வருடத்துக்கு 2.25 சதவீதம் கட்டாயம் ஏறும். சுலபத்துக்காக 1,600 மீதே போடுகிறேன்: மாதத் தொகை வருடத்துக்கு 36 டாலர் கூடும். சாதாரண ஊழியர்களுக்கு இதை அடியோடு நிறுத்திவிட்டார்கள். போலீஸ், தீயணைப்புப் பிரிவில் பாதிக்கும் மேல் குறைந்து ஏறக்குறைய 1 சதவீதம் மட்டும் நின்றது. 10 வருடம் ஏறியிருந்தால் 360 கூடி 1,960 ஆகியிருக்க வேண்டியவர் கையில் இருப்பது 1,528. வித்தியாசம் மாதம் 432. அதாவது 22 சதவீதம். 4.5 என்று தொடங்கியது இங்கே வந்து நிற்கிறது, வருடம் போகப்போக இன்னும் அகலும். 2014க்கும் 2024க்கும் நடுவில் அமெரிக்காவில் விலைவாசி மூன்றில் ஒரு பங்கு ஏறியது. அந்த 1,528 டாலரைக் கொண்டு போனால், 2014ல் 1,150 டாலருக்கு வாங்கிய சாமான்தான் கிடைக்கும்.

பிறகு மருத்துவம். இதைப் பற்றித்தான் மிகக் குறைவாகப் பேசினார்கள். ஓய்வூதியர்களின் மருத்துவக் காப்பீட்டுக்காக நகரம் கொடுக்க வேண்டியிருந்தது 4.3 பில்லியன் டாலர் என்று கணக்கிட்டார்கள். அதில் ஏறக்குறைய 90 சதவீதம் போய்விட்டது. 65 வயது ஆனவர்களுக்கு மத்திய அரசின் மெடிகேர் மருத்துவக் காப்பீடு உண்டு. 55, 60ல் ரிட்டயர் ஆனவர்கள் நிலைமைதான் மோசம். 2014 மார்ச்சில் அவர்களில் பெரும்பாலோருக்கு மாதம் 125 டாலர் கொடுத்து, நீங்களே காப்பீடு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். அந்த வயதில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருக்கிற ஒருவருக்கு அமெரிக்காவில் 125 டாலருக்கு என்ன கிடைக்கும்?

போலீஸ், தீயணைப்புக்காரர்களுக்கு இன்னொன்று. அவர்கள் மத்திய அரசின் சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியத் திட்டத்தில் சேராதவர்கள். நகரம் கொடுக்கும் பென்ஷன் போனால் அடியில் தாங்க வேறு எதுவும் இல்லை.

டிப்போ மகன்

பத்மா மேடம், அந்த விலைவாசிப்படி பத்தி உடம்பில் பட்டவன் நான். என் அப்பா பஸ் டிரைவர், 33 வருஷ சர்வீஸ். எந்த நிறுவனம் என்று சொல்லப் போவதில்லை. ரிட்டயர் ஆனதும் பென்ஷன் வந்தது, ஒரு ரூபாய் வெட்டவில்லை. பஞ்சப்படியை மட்டும் ஏற்றாமல் அப்படியே நிறுத்திவிட்டார்கள். முதல் வருஷம் அப்பா பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாலாவது வருஷம் காலை டீயை வீட்டிலேயே குடிக்க ஆரம்பித்தார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசுவதுதான் அவருக்கு உயிர். ஆறாவது வருஷம் முழங்கால் மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுகிறார் என்று அம்மா சொல்லித்தான் தெரிந்தது. வெட்டினால் கூட்டம் சேரும், கொடி பிடிப்பார்கள். ஏற்றாமல் விட்டால் ஆள் தனியாக வீட்டுக்குள் சுருங்கிக்கொண்டே போவார்.

சுந்தர் அண்ணே, 'யாரும் தலையில் கட்டவில்லை' என்று மட்டும் சொல்லாதீங்க.

கல்யாணி, மிச்சிகன்

அப்பா இப்போது எப்படி இருக்கிறார் தம்பி?

டிப்போ மகன்

என் கூடத்தான் இருக்கார் அக்கா. மாத்திரை இப்போ தினமும்.

ட்ராய் சுந்தர்

தம்பி, அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். விளக்குப் பற்றிச் சொன்னதை விடவில்லை.

பத்மா, அந்த ஆன்யுவிட்டி விஷயத்தில் எனக்கு ஓய்வூதியர் பக்கம் முழுதாகச் சாய முடியவில்லை. ஊழியர்கள் விருப்பப்பட்டுச் சம்பளத்தில் போட்ட சேமிப்புக்கு நிதியின் அறங்காவலர்கள் 7.9 சதவீதம் வட்டி போட்டார்கள். 2008ல் சந்தை தரைமட்டமாக விழுந்த பிறகும் பெரிய வட்டிதான். அந்தப் பணம் பொது நிதியிலிருந்துதானே போனது? நல்ல வருடங்களில் '13வது காசோலை' என்று போனஸ் மாதிரியும் கொடுத்திருக்கிறார்கள். சேர்த்து வைக்க வேண்டிய பணம் அது.

பத்மா, கணக்கர்

உண்மைதான் சுந்தர், மறுக்க மாட்டேன். அறங்காவலர்கள் செய்தது தவறு. நிதியம் நஷ்டத்தில் இருக்கும்போது உறுதி வட்டி போடுவது பாங்கில் ஓவர்டிராஃப்ட் எடுத்துப் பொங்கல் சீர் செய்வது மாதிரி.

ஆனால் வசூலித்தது யாரிடம்? அந்தப் பெரியம்மா தன் கணக்கில் வருடாவருடம் என்ன வட்டி ஏறியது என்பதைத்தான் பார்த்திருப்பார். அது எப்படி முடிவானது என்று அவருக்குத் தெரிய வழியில்லை. 2003 ஜூலை முதல் 2013 ஜூன் வரை போட்ட வட்டியில் 'அதிகம்' என்று கணக்கிட்டதைத் திரும்பக் கேட்டார்கள். மொத்தமாகக் கட்ட முடியாதவர்களிடம் பென்ஷனில் மாதாமாதம் பிடித்தார்கள், பென்ஷனில் 15.5 சதவீதம் வரைக்கும். மாதத் தவணைக்கு 6.75 சதவீதம் வட்டி வேறு. கல்யாணி பார்த்த அந்த மூன்றாவது வரி இதுதான். ஆளுக்கு ஆள் இது மாறும். ஒருவருக்கு 4.5 மட்டும், இன்னொருவருக்கு இரண்டும் சேர்ந்து 20 சதவீதம் வரை. இருவரையும் ஒரே தலைப்புச் செய்தியில் '4.5' என்று எழுதினார்கள்.

நிதியில் எவ்வளவு பள்ளம் என்பதே சண்டையாக இருந்தது. ஒரு பில்லியன் டாலருக்கும் குறைவு என்றன பென்ஷன் வாரியங்கள். 3.5 பில்லியன் என்றார் கெவின் ஓர். அதே நிதி, அதே ஆட்கள். வரப்போகும் வருடங்களில் முதலீடு எத்தனை சதவீதம் ஈட்டும் என்று நினைக்கிறீர்களோ, அதற்கேற்பப் பள்ளம் மாறும். 8 என்று போட்டால் பள்ளம் சின்னது, 7 என்று போட்டால் பெரிது. வாரியங்கள் வைத்த 7.9ம் 8ம் பேராசை என்று தொழில் தெரிந்தவளாகச் சொல்கிறேன். கெவின் ஓர் எடுத்ததோ பயமுறுத்துகிற கணக்கு.

கல்யாணி, மிச்சிகன்

நான் படித்ததில் தூக்கம் போனது 2005 கடன் விஷயம். மேயர் குவாமி கில்பாட்ரிக் காலத்தில் பென்ஷன் நிதியின் பள்ளத்தை நிரப்ப 1.4 பில்லியன் டாலர் கடன் வாங்கியிருக்கிறார்கள். அதில் பெரும்பகுதி மாறும் வட்டிக் கடன். வட்டி ஏறிவிடுமோ என்று பயந்து பாங்குகளோடு வட்டி மாற்று ஒப்பந்தமும் போட்டார்கள். 2008ல் வட்டி ஏறவில்லை, அடிமட்டத்துக்கு விழுந்தது. வட்டி விழுந்தால் நகரம் பாங்குகளுக்குக் கொடுக்க வேண்டும். வருடத்துக்குச் சுமார் 50 மில்லியன். 2009ல் சூதாட்ட விடுதிகளின் வரி வருமானத்தையே இதற்கு ஈடு வைத்தார்கள். கில்பாட்ரிக் பின்னால் ஊழல் வழக்கில் 28 வருடத் தண்டனை பெற்றது தனிக்கதை.

அந்த ஒப்பந்தத்திலிருந்து வெளியேற 165 மில்லியன் கொடுக்க கெவின் ஓர் தயாராக இருந்தார். அது அதிகம் என்று ரோட்ஸ் மறுத்தார். கடைசியில் 85 மில்லியனில் முடிந்தது. அந்த ஒரு இடத்தில் நீதிபதிக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. ஆனால் திவால் வழக்கை நடத்திய வக்கீல்களுக்கும் ஆலோசகர்களுக்கும் போன மொத்தம் ஏறக்குறைய 178 மில்லியன் டாலர்.

சித்ரா டீச்சர்

நகர அருங்காட்சியகத்தில் விலை மதிக்க முடியாத ஓவியங்கள் இருந்தனவாமே. மனுஷர் வயிறு முக்கியமா, படம் முக்கியமா? விற்றிருக்கலாமே?

கல்யாணி, மிச்சிகன்

டீச்சர், அதே கேள்விதான் அன்றைக்கு இங்கே வீட்டுக்கு வீடு. நகரம் தன் பணத்தில் வாங்கிய 2,781 படைப்புகளை கிறிஸ்டீஸ் ஏல நிறுவனம் மதிப்பிட்டு, 454 முதல் 867 மில்லியன் டாலர் என்றது. வான் கோவின் சுயஉருவம், ப்ரூகலின் கல்யாண நடனம் எல்லாம் அதில் சேர்த்தி. விற்றால் அந்தப் பணம் பென்ஷனுக்கு மட்டும் போயிருக்காது. கடன் பத்திரக்காரர்கள் எல்லோரும் பங்கு கேட்டு வரிசையில் நின்றார்கள்.

அதனால்தான் இந்தப் பகுதி மத்திய மாவட்ட நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி ஜெரால்ட் ரோசன் சமரசம் பேசி 'மாபெரும் பேரம்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார். ஃபோர்டு, கிரெஸ்கி, நைட் போன்ற அறக்கட்டளைகள் 366 மில்லியன், மாநில அரசு 350 மில்லியன், அருங்காட்சியகம் திரட்டித் தருவது 100 மில்லியன். எல்லாம் சேர்ந்து 816 மில்லியன், 20 வருடத்தில், பென்ஷனுக்கு மட்டும். பதிலுக்கு ஓவியங்கள் யாரும் தொட முடியாதபடி ஒரு தனி அறநிறுவனத்துக்குப் போயின.

எனக்கு இதில் வருத்தம் கிடையாது. டியேகோ ரிவேரா வரைந்த சுவர் ஓவியங்கள் இருக்கும் கூடத்தில் ஒரு நாள் முழுக்க நின்றிருக்கிறேன். கார் தொழிற்சாலைக் கூலிக்காரர்களைத்தான் சுவர் முழுக்க வரைந்திருக்கிறார். ஓவியம் இருந்ததால்தான் வெளியிலிருந்து பணம் வந்தது. அது இல்லாத ஊராக இருந்தால் எந்த அறக்கட்டளை எட்டிப் பார்த்திருக்கும்?

பத்மா, கணக்கர்

அப்படி இல்லாத ஊர் ஒன்று உண்டு. ரோட் ஐலண்டில் சென்ட்ரல் ஃபால்ஸ், இருபதாயிரம் பேர்கூட இல்லாத சின்ன நகரம். 2011ல் திவால். சிலருடைய பென்ஷனில் 55 சதவீதம் வரை வெட்டினார்கள். பிறகு மாநிலம் கொஞ்சம் கைகொடுத்தது. கலிபோர்னியாவில் ஸ்டாக்டன் திவாலானபோது, பென்ஷனையும் வெட்டலாம் என்று நீதிபதி சொல்லியும் நகரம் வெட்டவில்லை. ஓய்வூதியர் மருத்துவத்தை மட்டும் எடுத்துவிட்டது.

சித்ரா டீச்சர்

2003 ஏப்ரல் 1க்குப் பிறகு வேலையில் சேர்ந்தவள் நான். பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் சேர்த்தார்கள், சம்பளத்தில் மாதம் 10 சதவீதம் பிடித்தம். மாணிக்கம் சார் தலைமுறைக்கு இருந்த தைரியம் எங்களுக்கு இல்லை. இந்த இழையைப் படித்துவிட்டு என் பிடித்தக் கணக்குத் தாளை இன்றைக்குத்தான் முதல் தடவை வரிவரியாகப் பார்த்தேன்.

நெல்லை மாணிக்கம்

பாருங்கள் அம்மா, ஒவ்வொரு வருடமும் பாருங்கள். எனக்கு ஒரு கேள்வி மட்டும் மிச்சம் இருக்கிறது. இவ்வளவு போகும் என்று தெரிந்தும் 73 சதவீதம் பேர் ஏன் சம்மதித்தார்கள்?

பத்மா, கணக்கர்

ஐயா, ஓட்டுச் சீட்டிலேயே பதில் இருந்தது. 'சரி' என்றால் 4.5 சதவீதம். 'வேண்டாம்' என்று பெரும்பான்மை சொன்னால் அறக்கட்டளைப் பணமும் மாநிலப் பணமும் வராது, வெட்டு 27 சதவீதம். விலைவாசிப்படி எப்படியும் போய்விடும். 'சரி' சொன்னால் மாநில அரசு மீது வழக்குப் போடும் உரிமையையும் விட்டுவிட வேண்டும்.

கல்யாணி, மிச்சிகன்

நேற்று மறுபடி போனேன். மாணிக்கம் ஐயாவின் கேள்வியை அப்படியே பெரியம்மாவிடம் கேட்டேன்.

எழுந்து போய் அலமாரியின் கீழ் இழுப்பறையைத் திறந்தார். வாஷிங் மெஷின் வாரண்டி, கணவரின் இறப்புச் சான்றிதழ், வீட்டுப் பத்திர நகல், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பழுப்பு நிற உறை. 2014ல் ஓட்டுச் சீட்டு வந்த உறை. சீட்டை அனுப்பிவிட்டு உறையை வைத்திருக்கிறார். அதன் பின்பக்கம் பென்சிலில் ஒரு பெருக்கல் கணக்கு. அவருடைய பென்ஷனும் சராசரியை ஒட்டியதுதான், 1,600. அதை 27ஆல் பெருக்கி, இரண்டு ஸ்தானம் தள்ளிப் புள்ளி வைத்து, விடையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருந்தார்: 432.

"மாதம் இவ்வளவு போனால் வாடகை கட்ட முடியாது என்று 'சரி' போட்டேன்" என்றார்.

பத்மா, நீங்கள் பத்து வருடத்துக்குப் போட்ட கணக்கிலும் அதே எண் வந்தது. உறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது எனக்கு அது ஞாபகம் வந்துவிட்டது. 'வேண்டாம்' போட்டிருந்தால் 1,168தான் கையில் நின்றிருக்கும், அதுவும் ஏறாமல், அது எனக்குத் தெரிகிறது. அவர் போட்டது சரியான ஓட்டுதான். ஆனால் எதைத் தடுக்க ஓட்டுப் போட்டாரோ அந்த 432, பத்து வருடம் கழித்து வேறு வழியாக அவர் வீட்டுக்கு வந்திருக்கிறது. அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கண்ணாடியை வாங்கிக்கொண்டு வந்தேன். நாளைக்குக் கடையில் கொடுத்துக் காதை மாற்ற வேண்டும்.